மாநிறத்தில் மறையும் வெள்ளை

சின்னம்மா அந்தக் கிரீமை ஒரே ஒரு நாள்தான் பூசினார். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகள் வாங்கிக் கொடுத்தது. வெள்ளென எழும்பி, முகம் கழுவி, பூசிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போயிருக்கிறார். “என்னாக்கா, மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா? திருவிழா கிட்டத்துல வருதோ?” என்று ஒருத்தி கேட்க, பேர் போட நின்ற கணக்கப்பிள்ளை வரை சிரித்தாராம். பால்வெட்டு மலைக்கு ஏறுவதற்கு முன்பே பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டார். டியூப் இப்போது லயத்து ஜன்னல் திட்டில், பல்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

வரக்காப்பொலவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ரப்பர் தோட்டங்கள் உண்டு, சின்னம்மாவின் தோட்டம் அதில் ஒன்று. ரப்பர் மரம் நிழல் தருவது உண்மைதான், ஆனால் வருடம் முழுவதும் தராது. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துவிட்டுச் சில கிழமைகள் மொட்டையாக நிற்கும். வெயிலோ அதே காலத்தில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும். வரக்காப்பொல நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னால் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி இன்னொரு முறை வரும். புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்ல உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவில் 11ஐ எட்டினாலே ‘மிகக் கடுமை’. இங்கே மேகமில்லாத நடுப்பகலில் அது வழக்கமான எண்.

சின்னம்மாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு. முதல் பிள்ளைக்குப் பிறகு வந்தது, போகவில்லை. அதற்காகத்தான் மகள் கிரீம் வாங்கி வந்தாள். வேறு ஒன்று வாங்கலாம், வெள்ளை தெரியாத வகைகள் இருக்கின்றன என்று நான் சொன்னபோது சின்னம்மா கேட்ட கேள்வி இதுதான்:

“வெயில மறைக்கிறதே அந்த வெள்ளதானே தம்பி? வெள்ளையே இல்லன்னா அப்புறம் அது என்னாத்துக்கு?”

படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அலன் டொனால்டின் கன்னத்திலும் அன்ட்ரூ சைமண்ட்ஸின் உதட்டிலும் அப்பியிருந்த வெள்ளையைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? இந்த அத்தியாயம் சின்னம்மாவின் கேள்விக்குப் பதில். பதிலின் முதல் பாதி ‘இல்லை’. இரண்டாம் பாதிக்கு வரும்போது சின்னம்மா சொன்னது முழுப் பிழையுமில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

முதலில் கோயிலுக்குப் போவோம். நீர் விட்டுக் குழைத்த திருநீற்றை நெற்றியில் இட்டவுடன் கண்ணாடியில் பாருங்கள். மூன்று பட்டையும் இருந்தும் இல்லாததுபோல் மங்கலாகத் தெரியும். தீபாராதனை முடிவதற்குள் அவை பளிச்சென்று வெளுத்துவிடும். நெற்றியில் ஒரு துகள் சாம்பல்கூடக் கூடவில்லை. போனது தண்ணீர் மட்டும்தான். அப்படியானால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது அதன் வேகம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்ணை இலங்கைப் பள்ளிக்கூடத்தில் முறிவுச் சுட்டி என்று படித்தோம். தமிழ்நாட்டில் ஒளிவிலகல் எண் என்பார்கள். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, சாம்பலில் உள்ள தாதுக்களுக்கு 1.5ஐ ஒட்டி. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொருள்களின் எண்கள் கிட்டக்கிட்ட இருந்தால் ஒளி பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விடும். எண்கள் தூரமாக இருந்தால் ஒவ்வொரு எல்லையிலும் முட்டி, வளைந்து, நாலாபக்கமும் சிதறும். எல்லா நிறமும் ஒரே மாதிரிச் சிதறி வந்து கண்ணில் விழுந்தால் அதற்கு நாம் வைத்த பெயர் வெள்ளை. ஈரத்தில் சாம்பல் துகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தது, வித்தியாசம் குறைவு. காய்ந்ததும் அந்த இடத்துக்குக் காற்று வந்தது, வித்தியாசம் பெருகியது. வடை சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில் எண்ணெய் ஊறிய இடம் ஊடுருவித் தெரிவதும் இதே கதைதான், திசை மட்டும் மாற்றி: தாளின் நாருக்கு இடையில் இருந்த காற்றைத் துரத்திவிட்டு எண்ணெய் உட்கார்ந்துகொண்டது.

சின்னம்மாவுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் அவரது மணிக்கட்டிலேயே இருக்கிறது. ரப்பர் பால் சிரட்டையில் சொட்டும்போது பசும்பால் மாதிரி வெள்ளை. கையில் தெறித்துக் காய்ந்தபிறகு பார்த்தால் அது வெள்ளையாக இருக்காது. தோலின் நிறத்தை அப்படியே காட்டும் மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொண்டிருக்கும். பாலில் ரப்பர் பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ரப்பருக்கு 1.52, தண்ணீருக்கு 1.33. கோடிக்கணக்கான துளிகள், கோடிக்கணக்கான எல்லைகள், எங்கும் சிதறல். தண்ணீர் உலர்ந்ததும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிடுகின்றன. எல்லை போயிற்று, வெள்ளையும் போயிற்று. எந்தச் சன்ஸ்கிரீனையும் டியூபிலிருந்து பிதுக்கியவுடன் தெரியும் வெள்ளையில் ஒரு பங்கு இந்தச் சாதிதான்: நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். தேய்த்துச் சில நிமிடம் விட்டால் அது தானாகப் போய்விடும். போகாமல் நிற்கும் மற்றப் பங்கைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

அந்தப் பங்கு இரண்டு பொடிகளால் வருகிறது. ஒன்று சிங்க் ஒக்சைட். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமான பொருள் அல்ல. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்து டயராக்கும் தொழிற்சாலையில் அந்த வேலையை முடுக்கிவிட இதைத்தான் கலக்கிறார்கள். இன்னொன்று டைட்டேனியம் டைஒக்சைட். வீட்டுச் சுவர் பெயின்ட், பற்பசை, மாத்திரையின் மேற்பூச்சு என்று எங்கெல்லாம் பளீர் வெள்ளை தேவையோ அங்கெல்லாம் இருப்பது.

வரக்காப்பொலவிலிருந்து கண்டிப் பக்கம் சற்றுத் தூரம் போனால் அம்பேபுஸ்ஸ. அங்கே பிரியும் ஏ6 வீதி குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகிறது. திருகோணமலையிலிருந்து இன்னும் வடக்கே போனால் புல்மோட்டைக் கடற்கரை. அங்கே மணல் கறுப்பு. இல்மனைட் என்ற கனிமம்: இரும்பும் டைட்டேனியமும் ஒக்சிசனோடு கட்டுண்டு கிடப்பது. தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தில் சவறையிலும் இதே மணல் உண்டு. அந்தக் கரிய மணலிலிருந்து இரும்பைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனிதன் அறிந்த வெண்மையான பொடிகளில் ஒன்று. புல்மோட்டை மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. பின்பு எங்கெங்கோ சுற்றிப் பெயின்டாகவும் கிரீமாகவும் நம் சந்திக் கடைக்குத் திரும்பி வருகிறது. யார் நாட்டு மணல் எந்த டியூபில் இருக்கிறது என்று கேட்க வழியில்லை.

ஏன் அவ்வளவு வெண்மை? எண்களைப் பாருங்கள். தேங்காயெண்ணெய் 1.45. தோலின் மேற்படலம் 1.5ஐ ஒட்டி. சிங்க் ஒக்சைட் 2. வைரம் 2.42. டைட்டேனியம் டைஒக்சைட்டின் ரூட்டைல் வகை 2.6க்கும் மேல். ஆமாம், வைரத்தையும் தாண்டியது. வைரத்தைப் பொடியாக்கிப் பூசினாலும் இவ்வளவு வெளுக்காது.

இரத்தினபுரிக் கல் வியாபாரிகள் இதை வேறு பெயரில் அறிவார்கள். நீலக்கல்லுக்குள் ஊசிஊசியாக ரூட்டைல் படிந்திருந்தால் அதைப் ‘பட்டு’ என்பது அத்தொழிலின் வழக்கம். ஊசிகள் ஒழுங்காக வரிசைபிடித்து நின்றால் வெளிச்சத்தில் ஆறு கதிர் நட்சத்திரம் எழும்பும். அந்த நட்சத்திர நீலத்துக்குத் தனி விலை. ஒழுங்கில்லாமல் நிறையப் படிந்தால் கல் பால் கலங்கினதுபோல் மங்கிவிடும். அதற்குப் பெயர் ‘கெவுட’. ஒரு காலத்தில் அதை யாரும் மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். 1,600 பாகைக்கு மேல் சூடாக்கினால் ஊசிகள் கல்லுக்குள்ளேயே கரைந்துவிடும், கலக்கம் தெளிந்துவிடும், கரைந்த டைட்டேனியம் இரும்போடு இணைசேர்ந்து ஆழ்ந்த நீலத்தைக் கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மூர் ஆட்கள் அதைப் புரிந்துகொள்வதற்குள் எத்தனையோ மூட்டை போய்விட்டது. கெவுட கல்லைக் கலக்குவதும் சின்னம்மாவின் முகத்தைக் கலக்கியதும் ஒரே பொருள். முகத்தை 1,600 பாகையில் வைக்க முடியாது என்பதால் கிரீம் செய்பவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு சந்தேகம். அதே கிரீமைப் பூசிய வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரிவதில்லையே? ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். வெளிறிய தோல் தன்மேல் விழும் 100 பங்கு ஒளியில் 60ஐத் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். நம் தோல் 15ஐ. கிரீமின் பொடி தன் பங்குக்கு 8ஐச் சிதறடிக்கிறது. அங்கே 60 என்பது 68 ஆகிறது, கண் கவனிக்காது. இங்கே 15 என்பது 23 ஆகிறது. ஒன்றரை மடங்கு. முகம் ஒன்றரை மடங்கு வெளிச்சமாகி ஒருத்தி பிரட்டில் வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கிரீம் இருவருக்கும் ஒன்றுதான் செய்தது. பல காலம் அதைச் செய்தவர்களும் சோதித்தவர்களும் முதல் வகைத் தோலிலேயே பூசிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிழை தெரியவில்லை.

இனி, வெள்ளைதான் வெயிலை மறைக்கிறதா?

பல புத்தகங்களில் இன்னும் எழுதியிருக்கிறது: இந்தப் பொடிகள் குட்டிக் கண்ணாடிகள்போல் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கின்றன என்று. அளந்து பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இவை திருப்பி அனுப்புவது புற ஊதாவில் சராசரியாக 4, 5 சதவீதம்தான். மிச்சப் பாதுகாப்பு எல்லாம் உறிஞ்சுவதால் வருகிறது. டைட்டேனியம் டைஒக்சைட்டிலும் சிங்க் ஒக்சைட்டிலும் உள்ள இலத்திரன்கள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவ ஒரு குறிப்பிட்ட சக்தி வேண்டும். புற ஊதாக் கதிரிடம் அவ்வளவு சக்தி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் இல்லை. ஆகவே புற ஊதா விழுங்கப்பட்டு வெப்பமாகிப் போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி விழுங்கப்படாமல் சிதறி வெள்ளையாகிறது. சின்னம்மா பார்த்த வெள்ளை, பொடி வேலை செய்வதன் அடையாளமே இல்லை. வேலைக்கு வந்த ஆள் சும்மா இருக்கும் நேரத்தில் போடும் சத்தம் அது.

சத்தத்தை அடக்க இரண்டு வழி. ஒன்று, பொடியை இன்னும் பொடியாக்குவது. பெயின்டுக்கு அரைக்கும் டைட்டேனியம் டைஒக்சைட் சுமார் 250 நனோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்க அதுதான் வாய்ப்பான அளவு. அதைச் சில பத்து நனோமீற்றருக்குக் குறைத்துவிட்டால், துகளின் விட்டம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் அதே எடைப் பொடி சிதறடிக்கும் ஒளி ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கும். உறிஞ்சும் வேலை கெடாது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நம் தோலில் இன்னொரு தொல்லை முளைக்கிறது. இவ்வளவு சிறிய துகள்கள் சிவப்பைவிட ஊதாவையும் நீலத்தையும் ஒன்பது மடங்கு வரை அதிகமாகச் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதும், லயத்து அடுப்புப் புகை இருண்ட மலையின் முன்னால் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். இருண்ட மலைக்குப் பதில் மாநிற முகத்தை வையுங்கள். வெள்ளை போய், செத்த பிணத்தின் சாயல்போல ஒரு சாம்பல் ஊதா படியும். ‘நனோ, வெள்ளை தெரியாது’ என்று அட்டையில் போட்டிருந்தும் கறுத்த பிள்ளைகளின் முகம் சாம்பல் பூத்தது ஏன் என்றால் இதுதான். மலிவாகச் செய்த கிரீமில் துகள்கள் மறுபடி கட்டிபிடித்து வெள்ளையும் திரும்பி வந்துவிடும்.

இந்தச் சிறு துகள்கள் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்குமோ என்று பயப்படுபவர்களுக்கு: காயமில்லாத தோலின் இறந்த மேற்படலத்தைத் தாண்டி அவை போவதற்குச் சொல்லும்படியான சான்று இல்லை. மூச்சில் இழுத்தால் கதை வேறு. தெளிக்கும் ஸ்பிரே வகையையும் உதிரியாகப் பறக்கும் தூள் வகையையும் நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது வழி, பொடியையே விட்டுவிடுவது. தேத்தண்ணியில் சீனி போட்டால் கரைந்து காணாமல் போகும். கோதுமை மாவைப் போட்டால் கலங்கும். எண்ணெயில் சீனிபோலக் கரைந்து, புற ஊதாவை மட்டும் உறிஞ்சும் கரிமச் சேர்மங்கள் பல உண்டு. துகள் இல்லை, எல்லை இல்லை, வெள்ளையும் இல்லை. அவோபென்சோன் என்று டியூபின் பின்பக்கம் இருந்தால் அது நீள் அலைப் புற ஊதாவை, அதாவது யூ.வி.ஏ.யைத் தடுக்க வைத்தது. வெயிலிலேயே சிதைந்துபோகும் குணம் அதற்கு உண்டு. அதனால் கூடவே ஒக்டோகிரிலீன் போன்ற ஒன்றைத் துணைக்கு வைப்பார்கள். பெமோட்ரிசினோல் அதைவிட உறுதியானது. ஐரோப்பிய, ஆசியத் தயாரிப்புகளில் அதிகம் காணலாம். இவற்றின் குறை, வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனால் எரியும். பால்வெட்டும்போது கையெல்லாம் பாலாக இருக்கும், கண்ணைத் துடைக்கவும் முடியாது. அதை யோசிக்காமல் சின்னம்மாவுக்கு எதையும் பரிந்துரைப்பதில் பயனில்லை.

அட்டையில் பெரிதாக அச்சிட்ட எஸ்.பி.எஃப் எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு, சுமார் 3.3 சதவீதம் உள்ளே போகும். 50 என்றால் 2 சதவீதம். இடைவெளி விளம்பரம் சொல்லும் அளவு பெரிதல்ல. ஆனால் அந்த எண், சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்தைச் சுமார் 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும், கழுத்துக்குத் தனி. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கிய இரண்டு கோடு என்று தோல் வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலானோர் இதில் பாதியும் பூசுவதில்லை. பாதி பூசினால் அட்டையில் உள்ள எண்ணில் பாதிகூட நிச்சயமில்லை. வெள்ளை தெரியக்கூடாது என்ற பிரச்சினை வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்று நான் வாதிடுவது இதனால்தான்: முகம் வெளுக்கும் என்று பயந்தவள் பயறளவு எடுத்துத் தடவுவாள். 50 என்று எழுதியதை வாங்கி 10ஐக்கூடப் பெறமாட்டாள்.

இன்னொன்று. எஸ்.பி.எஃப் அளக்கும் சர்வதேச விதிமுறை, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிறிய தோல் உள்ளவர்களையே பரிசோதனைக்கு எடுக்கச் சொல்கிறது. காரணம் விளங்கக்கூடியதுதான்: சிவப்பதைத்தான் அளக்கிறார்கள், மாநிறத்தில் சிவப்பது தெளிவாகத் தெரியாது. ஆனால் நம் தோல் வெயிலுக்குக் கொடுக்கும் பதில் சிவப்பதல்ல, கறுப்பது. டியூபின்மேல் இருக்கும் எண், நாம் கேட்காத கேள்விக்கு விடை.

அப்படியானால் கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீனே வேண்டுமா? நியாயமான கேள்வி. 1979இல் பிலடெல்பியாவில் தோலின் மேற்படலத்தைத் தனியே எடுத்து அளந்தபோது, கறுப்பினத்தவரின் படலம் தன்னளவில் எஸ்.பி.எஃப் 13.4க்குச் சமமாகவும் வெள்ளையரின் படலம் 3.4க்குச் சமமாகவும், தோலைச் சிவக்கவைக்கும் யூ.வி.பி. கதிரைத் தடுத்தது. நிறமி செய்யும் உயிரணுக்கள் எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். அவை கட்டி அனுப்பும் மெலனின் பொதிகளின் அளவும் பரவலும்தான் வேறு. சன்ஸ்கிரீன் தோல் புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள மிக நல்ல சான்று ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் நடத்திய சோதனை. ஒருவகைப் புற்றுநோய் 40 சதவீத அளவுக்குக் குறைந்தது. ஆனால் அந்த ஊர் பெரும்பாலும் வெள்ளையர் ஊர். அந்த முடிவைத் தூக்கிவந்து ரப்பர் தோட்டத்தில் ஒட்டுவது நேர்மையாகாது. கறுத்தவர்களுக்கு வரும் மெலனோமா பலவேளை உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வருகிறது, வெயில் படாத இடத்தில். ‘பூசாவிட்டால் புற்றுநோய்’ என்று நம்மைப் பயமுறுத்தி விற்பவர்களை நான் நம்புவதில்லை. வெண்குஷ்டம் உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், லூபஸ் நோயாளிகள், வெயில் ஒவ்வாத மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். மற்றவர்களான நமக்கு வேண்டியிருப்பது சின்னம்மாவின் காரணத்துக்காக: மங்கு, பரு ஆறிய இடத்துக் கருமை, அம்மைத் தழும்பு.

இங்கேதான் கதை திரும்புகிறது. 2010இல் டெட்ரொய்ட் நகரின் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், புற ஊதாவை வடிகட்டிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெளிறிய தோல் அசையவில்லை. மாநிறமும் கறுப்புமான தோல் கறுத்தது. அந்தக் கருமை யூ.வி.ஏ. தந்த கருமையைவிட ஆழமாகவும் நீண்டநாள் நிற்பதாகவும் இருந்தது. 2018இல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் காரணத்தை எட்டினார்கள்: நிறமி உயிரணுவில் ஒப்சின்-3 என்ற புரதம் இருக்கிறது. நம் விழித்திரையில் ஒளியை உணரும் புரதங்களின் உறவுக்காரன். அது நீல ஒளியைப் ‘பார்த்து’ மெலனின் உற்பத்தியை முடுக்குகிறது. கன்னத்துக்கும் ஒருவகைக் கண் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

இதை மேலே சொன்னதோடு சேர்த்து யோசியுங்கள். முழுக்க நிறமற்ற, கண்ணுக்குத் தெரியாத சன்ஸ்கிரீன் என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒரு தடையுமில்லாமல் உள்ளே விடுவது. வெளிறிய தோலுக்கு அது போதும். மங்கு உள்ள மாநிறத்துக்கோ, கறுக்கவைக்கும் ஒளியில் ஒரு பங்கைக் கதவைத் திறந்து உள்ளே அழைப்பது. சின்னம்மா சொன்னதில் பாதி சரி என்றேனே, இதுதான் அந்தப் பாதி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்று வேண்டும். அது வெள்ளையாக இருக்கத் தேவையில்லை. நம் நிறத்தில் இருக்கலாம்.

அந்தப் பொருள் நமக்குப் பழையது. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கும் காவி, இரும்பு ஒக்சைட். சப்ரகமுவ வீடுகள் பலவற்றின் சுவரான கபொக் கல்லுக்குச் செம்மஞ்சள் நிறம் தருவதும் அதுவே. வேர்க்குருவுக்குப் பூசும் கலமைன் மருந்து இளஞ்சிவப்பாக இருப்பதும், சிங்க் ஒக்சைட்டோடு ஒரு துளி இரும்பு ஒக்சைட் கலந்திருப்பதால்தான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று வகை உண்டு. அவற்றை அளவறிந்து கலந்தால் உலகத்தின் எந்தத் தோல் நிறத்தையும் கிட்டக்கிட்டப் பிடிக்கலாம். அவை நீல ஒளியை வெள்ளைப் பொடிபோல் சிதறவிடாமல் விழுங்கிவிடுகின்றன. 2014இல் மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து எட்டுக் கிழமை சோதித்தார்கள். இரு பகுதிக்கும் ஒரே மருந்து. ஒரு பகுதிக்கு வழக்கமான சன்ஸ்கிரீன், மற்றதற்கு இரும்பு ஒக்சைட் கலந்தது. இரண்டாவது பகுதிக்கு மங்கு கூடுதலாகக் குறைந்தது. கபொக் கல்லை அரைத்து முகத்தில் பூச வேண்டாம். சுத்தம் செய்யாத மண்ணில் வேறு உலோகங்கள் இருக்கும்.

சாயம் கலந்த கிரீம் என்றால் பிரச்சினை தீர்ந்ததா? சின்னம்மாவையும் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்குப் போனேன். பாமசிக்காரர் காட்டிய சாயக் கிரீம் ஒரே ஒரு நிறத்தில் இருந்தது. ‘எல்லாத் தோலுக்கும்’ என்று போட்டிருந்தது. தங்கச்சியின் தாடையோரத்தில் தடவினேன். அவள் சற்று வெளிர் மாநிறம், ஓரளவு கலந்தது. சின்னம்மாவின் தாடையில் அதே கிரீம் கொய்யாப்பழச் சிவப்பாக நின்றது. தாய்க்கும் மகளுக்குமே ஒத்துவராத ஒன்றுக்கு ‘எல்லாத் தோலும்’ என்று பெயர். தெற்காசியர்களிடம் தோல் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு வடிவங்கள் கலந்தே கிடக்கின்றன, எஸ்.எல்.சி.24.ஏ5 என்ற மரபணுவின் வெளிர் வடிவமும் கருமை வடிவமும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கலாம். ஒரு லயத்துக்கு நாலைந்து நிறமாவது வேண்டும். கடையில் ஒன்று இருந்தது.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். புறங்கையில் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. அதன் நிறம் முகத்தின் நிறம் அல்ல. தாடையோரத்தில், கழுத்தையும் தொடும்படி, உண்மையில் பூசப்போகும் அளவுக்குத் தடவ வேண்டும். கடையின் குழல் விளக்கை நம்பாமல் வாசலுக்கு வர வேண்டும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், காயும்வரை. திருநீற்றுப் பாடம் நினைவிருக்கட்டும். கல்யாண வீட்டுக்குப் பூசுவதென்றால் கைப்பேசியின் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளையும் ஃபிளாஷில் எழும்பும். நம் கல்யாண ஆல்பங்களில் கழுத்துக்கு மேல் வேறொரு மணப்பெண் இருப்பதற்கு மேக்கப்காரர் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

வாசலில் நின்று மூன்றைத் தடவிப் பார்த்தோம். வெள்ளைப் பொடிக் கிரீம் சின்னம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. நிறமற்ற ஜெல் வகை ஒன்று, கரையும் சேர்மங்கள் மட்டும் உள்ளது, தடவிய இடமே தெரியவில்லை, யூ.வி.ஏ. பாதுகாப்புக்குப் போடும் ‘பி.ஏ.’ குறிக்குப் பக்கத்தில் நாலு கூட்டல் குறி இருந்தது. கடைசியில் நான் சொன்ன யோசனை இரண்டடுக்கு: கீழே அந்த ஜெல், அது காய்ந்தபிறகு மேலே சின்னம்மாவின் நிறத்துக்கே கிடைக்கும் சாதாரண கொம்பக்ட் பவுடர், இரும்பு ஒக்சைட் கலந்தது. சாயக் கிரீம் நாலைந்து நிறத்தில் வருவதில்லை, கொம்பக்ட் வருகிறது. இரண்டையும் உள்ளங்கையில் ஒன்றாகக் குழைக்கக்கூடாது. ஜெல்லின் படலம் கெட்டுவிடும்.

“எவ்வளவு?” என்றார் சின்னம்மா.

2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. ஜெல்லின் விலை பல நாள் சம்பளம். 50 கிராம் டியூபை முகத்துக்கு மட்டும் 1.2 கிராம் வீதம் ஒரு நாளைக்கு இருமுறை பூசினால் மூன்று கிழமையில் தீரும். இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லாமல் விட முடியவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்தார், பிறகு தெருவுக்கு எதிரே குடைக்கடையைப் பார்த்தார். பெரிய ஓரம் வைத்த தொப்பி ஒன்று அங்கே தொங்கியது. தொப்பி எல்லா அலைநீளத்தையும் ஒரே சீராகத் தடுக்கும், தீராது, எந்த நிறத்துக்கும் ஒத்துவரும். தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் தெறித்து வரும் ஒளியை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அதற்குத்தான் கன்னத்தில் ஏதாவது வேண்டும்.

தொப்பியை நான் வாங்கினேன். ஜெல்லைத் தங்கச்சி வாங்கினாள், கொம்பக்டையும் சேர்த்து. ஜனவரிக்குப் பிறகு மரம் மொட்டையாகும்போது மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும் பூசுவது என்று பேசி முடித்தோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னம்மா மணிக்கட்டில் காய்ந்திருந்த நேற்றைய ரப்பர் பாலை நகத்தால் கிளப்பி, உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியே எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிந்தது.

“இது சும்மாவே கெடக்குதே தம்பி,” என்றார். “இதுல அந்தக் காவியக் கலக்கி எவனாவது செய்யக்கூடாதா?”

ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும் என்று ஆரம்பித்தேன். கண்டி பஸ் வந்துவிட்டது.